பழனிப் பாதையில் செருப்பும் ஷூவும் வெறுங்காலும்

புதன், மதுரை

மதுரையிலிருந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு 120 கிலோமீட்டர் சொச்சம். நான் எட்டு வைக்கிற கணக்குக்குக் கிலோமீட்டருக்கு 1,400 அடியாவது வரும். மொத்தமாகப் பார்த்தால் ஒன்றரை லட்சம் அடிக்கு மேல். தைப்பூசத்துக்கு மாலை போட்ட வீடுகளில் இந்த வாரம் முழுக்கக் காலைப் பற்றியே பேச்சு நடப்பதில் ஆச்சரியமில்லை.

எங்கள் வீட்டில் மூன்று கட்சி. அண்ணன் ஷூ. தினமும் காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் வாக்கிங் போகிறவன், அதே ஷூவோடுதான் வருவேன் என்கிறான். பெரியம்மா வெறுங்கால். அது வேண்டுதல், அதில் யாரும் வாய் திறக்க முடியாது. நானும் மதினியும் பெல்ட் செருப்பு, அதாவது குதிகாலுக்குப் பின்னால் வார் சுற்றி வருகிற சாண்டல்.

வீட்டில் போடுகிற ரப்பர் செருப்பு இந்தக் கணக்கிலேயே வராது. பின்னால் பிடிப்பில்லாத செருப்பு கழன்று போகாமல் இருக்க, ஒவ்வொரு எட்டுக்கும் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்கின்றன. தெருமுனைக் கடைக்குப் போய் வரும்போது இது தெரியாது. இருபது கிலோமீட்டர் தாண்டினால் கெண்டைக்கால் சொல்லும். கட்டைவிரல் இடுக்கில் அந்த வார் அறுக்க ஆரம்பிப்பதும் அப்போதுதான்.

தோல் செருப்பும் இல்லை. விரதத்தில் இருக்கிறவர்கள் பலர் தோல் பொருளைத் தொடுவதில்லை. அண்ணன் பெல்ட்டையும் மணிபர்ஸையும் பீரோவில் வைத்துவிட்டு, பணத்தை மஞ்சள் துணிப்பையில் முடிந்துகொண்டான். அவன் ஷூ துணியும் ரப்பரும்தான், அதில் தோல் இல்லை என்று பெரியம்மாவிடம் லேபிளைக் காட்டி அனுமதி வாங்கினான்.

எனக்குச் செருப்பு வாங்கப் போன மாசமே டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் போய்விட்டோம். போனது சாயந்திரம். காலையில் இருக்கிற பாதம் வேறு, நாளெல்லாம் நின்று வேலை பார்த்த பிறகு இருக்கிற பாதம் வேறு. நடக்க நடக்க இன்னும் உப்பும். அதனால் உப்பின காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும். விரல் நுனிக்கும் செருப்பு முனைக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். கடைப்பையன், "லூசா இருக்குக்கா, ஒரு சைஸ் கம்மி தரட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். வாங்கின நாள் முதல் மார்க்கெட்டுக்கும் மாடிப்படிக்கும் அதையே போட்டு, வார் இளகி என் காலுக்கு வந்துவிட்டது. புதுச் செருப்போடும் புது ஷூவோடும் பாதயாத்திரை கிளம்புகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறோம். வாடிப்பட்டியில் அவர்கள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பதையும் பார்க்கிறோம்.

ஷூவை நான் ஒதுக்கியதற்கு இன்னொரு காரணம் மெட்டி. இதை எந்த ஆம்பிளையும் சொல்லித் தர மாட்டான். மூடின ஷூவுக்குள் மெட்டி பக்கத்து விரலை ஒவ்வொரு அடிக்கும் நெருக்கும். வெள்ளி மெட்டியின் விளிம்பு கூர்மையாக இருந்தால் பத்துக் கிலோமீட்டரில் பக்கத்து விரலில் ரத்தம். கழற்றிவிடலாமே என்றால், "சுமங்கலி மெட்டியைக் கழட்டுறதாத்தா?" என்று பெரியம்மா முறைக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஊசிக்கு ஒட்டுவார்களே, அந்தக் காகித டேப்பை வாங்கி மெட்டியைச் சுற்றி ஒட்டி வைத்திருக்கிறோம். கொலுசு மட்டும் பீரோவுக்குப் போய்விட்டது.

அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பவேண்டும். தூங்கப் போகிறேன்.

வியாழன், வாடிப்பட்டி

தெருப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டு ஆரப்பாளையம் வழியாக வெளியே வந்தோம். வைகைப் பக்கம் குளிர்காற்று. விளாங்குடி தாண்டிப் பரவை வரும்போது காய்கறி மார்க்கெட்டுக்கு லாரிகள் வரிசையாக நின்றன. அந்த நேரத்தில் அங்கே மட்டும்தான் வெளிச்சம். சாலையில் எங்களுக்கு முன்னும் பின்னும் பச்சை வேட்டி, மஞ்சள் சேலை, தலையில் இருமுடி மாதிரி ஒரு மூட்டை. தூரத்தில் யாரோ "வேல் வேல்" என்றால் இருட்டுக்குள்ளிருந்து "வெற்றி வேல்" வருகிறது.

இந்த நேரத்தில் ஷூவுக்கு ஒரு மார்க் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அண்ணன் ஷூவின் குதிகாலில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை இருக்கிறது. பின்னால் லாரி வந்தால் அவன் கால் இரண்டும் இருட்டில் தனியாக நடப்பது தெரிகிறது. வழியில் போலீஸ்காரர்கள் பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நான் ஒன்று கேட்டு வாங்கி இரண்டாக நறுக்கி என் செருப்பின் பின்வாரில் ஒட்டிக்கொண்டேன். பை முதுகில் அசையாமல் கிடக்கும். கால்தான் அசையும், ஓட்டுநர் கண்ணுக்கு அசைவது சீக்கிரம் படும்.

குளிர் விஷயத்திலும் ஷூக்காரர்களுக்கு இன்று சுகம். பனியில் திறந்த செருப்புப் பாதம் விறைத்துப்போகிறது. மதினி கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ் கொண்டு வந்திருந்தாள், பெண்கள் செருப்போடு போடுவதற்கென்றே நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிறதே, அது. விடிகிற வரைக்கும் அதைப் போட்டு நடந்தோம். சாக்ஸ் மேலே செருப்பு பார்க்கக் கொஞ்சம் வேடிக்கைதான். விடிகாலை நாலு மணிக்கு யார் பார்க்கப் போகிறார்கள்?

சமயநல்லூரில் ஒரு பந்தலில் சுக்குக் காபி கொடுத்தார்கள். வலது பக்கம் சிறுமலை மேலே வெளுக்க ஆரம்பித்தது. அதன்பிறகு சொல்ல அதிகமில்லை. வெயில் ஏறுவதற்குள் வாடிப்பட்டி வந்து சேர்ந்துவிட்டோம். கோயில் மண்டபத்தில் இடம் கிடைத்தது. கால்களைச் சுவரில் ஏற்றி வைத்து மல்லாந்து படுத்திருக்கிறோம். வீக்கம் வடிய இதுதான் நல்ல வழி. மண்டபம் முழுக்க இப்படிச் சுவரில் சாய்ந்த கால்கள்தான், யார் முகமும் தெரியவில்லை.

யாருக்கும் கொப்புளம் இல்லை. அண்ணன் ரொம்பப் பெருமையாக இருக்கிறான்.

வெள்ளி, சின்னாளபட்டி

இன்றைக்குப் பெரிய நாள். சாயந்திரம் நடக்க வேண்டிய தூரத்தையும் காலையிலேயே முடித்துவிடலாம் என்று எங்கள் கூட்டத்துக் குருசாமி சொல்ல, கொடைரோடு தாண்டும்போது உச்சி வெயில். தை மாசம்தானே, காற்றில் முப்பது டிகிரிதான் இருக்கும். தார் ரோட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கையை வைத்துப் பார்த்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன்.

பெரியம்மா எப்படிச் சமாளிக்கிறாள் என்று பின்னால் நடந்து கவனித்தேன். சாலையோரத்தில் வண்டி எல்லையைக் காட்ட வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்களே, அதன் மேலேயே நடக்கிறாள். ஒரு சாண் அகலம்கூட இல்லாத கோடு. ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு கால். அவள் மட்டுமல்ல, வெறுங்காலோடு வருகிற அத்தனை பேரும் அந்தக் கோட்டின் மேல் ஒற்றை வரிசையாகப் போகிறார்கள். கறுப்புத் தார் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்கிறது, வெள்ளைப் பெயின்ட் திருப்பி அனுப்பிவிடுகிறது. நானும் செருப்பைக் கழற்றி நின்று பார்த்தேன். தாரில் நிற்க முடியவில்லை. கோட்டில் சூடுதான், ஆனால் நிற்க முடிகிறது. பெயின்ட் வழவழப்பாகவும் இருக்கிறது. தாரில் துருத்தி நிற்கிற பொடி ஜல்லி அங்கே குத்தாது.

"மண்ணுல நடந்தா இன்னும் குளிர்ச்சியா இருக்குமே பெரியம்மா?"

"இருக்கும்த்தா. கருவமுள்ளு இருக்கும்ல?"

சரிதான். சாலைக்குக் கீழே இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். காய்ந்த முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. மெல்லிய ரப்பர் செருப்பை அது துளைத்து மேலே வந்துவிடும். நெருஞ்சி வேறு. செருப்பு வாங்கும்போது அடியை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டியது இதற்குத்தான். அமுக்கினால் பஞ்சாகப் பொதிகிற அடி கடையில் சொகுசாகத்தான் இருக்கும், முள்ளுக்கும் சொகுசு.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். சுங்கச்சாவடி தாண்டினதிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டான். காந்திகிராமம் வரும்போது இடது காலைச் சாய்த்து வைத்து நடந்தான். மதினிதான் பிடித்து உட்கார வைத்து ஷூவைக் கழற்றினாள். உள்ளேயிருந்து ஆவி வராத குறை. பருத்தி சாக்ஸ், பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம்.

கொப்புளம் வருவதற்கு மூன்று பேர் சேர வேண்டும்: உரசல், ஈரம், சூடு. மூன்றையும் ஷூவுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு நடந்திருக்கிறான். பருத்தி வேர்வையைக் குடிக்கும், ஆனால் விடாது. ஈரத் தோல் சீக்கிரம் இளகும். செயற்கை நூல் கலந்த சாக்ஸ்தான் இந்த வேலைக்கு ஆகும், அதையும் மதியத்தில் ஒரு தடவை மாற்ற வேண்டும். அதோடு, கால் உப்பி இறுக்கினதும் லேஸை மொத்தமாகத் தளர்த்தி விட்டிருக்கிறான். முன்பக்கம் தளர்த்தலாம், தப்பில்லை. கணுக்கால் பக்கம் தளர்ந்தால் குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் ஒருவன் இதைக் காட்டிக்கொடுத்தான். ஷூவில் மேலே கடைசியாக, வரிசையை விட்டுத் தள்ளி ஒரு ஓட்டை இருக்கும், யாரும் பயன்படுத்த மாட்டோம். லேஸை அதே பக்கத்து ஓட்டையில் விட்டு ஒரு வளையம் மாதிரி ஆக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் குதிகால் உட்கார்ந்துவிடுகிறது. அண்ணன் இத்தனை வருஷமாக அந்த ஓட்டை காற்றுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தானாம்.

கொப்புளத்தைக் கிழிக்கக் கூடாது. ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் ஒரு குத்து, பஞ்சால் மெதுவாக அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டு, மேலே டேப். அந்த மேல்தோல்தான் நமக்கு இனாமாகக் கிடைத்த கட்டு. மதினி முடித்த பிறகு, "வலிக்குதா?" என்று கேட்டாள். "ஷூ நல்ல ஷூதான், சாக்ஸ்தான் சரியில்ல" என்கிறான்.

இப்போது சின்னாளபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில். தெருவுக்குள் சுங்குடிச் சேலைக் கடைகள். மதினியின் கண் அங்கிட்டே போகிறது. திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்து வந்தேன். தூக்குகிற சுமையைக் குறைக்கத்தான் சோப்பைக்கூடப் பாதியாக நறுக்கிக் கொண்டு வந்திருக்கிறோம்.

சனி, ரெட்டியார்சத்திரம்

திண்டுக்கல் ஊருக்குள் நுழையும்போது பிரியாணி வாசம். விரதக்காரர்களுக்கு முருகன் வைக்கிற சோதனைகளில் இது முக்கியமானது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தோம். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊர் தோல் பதனிடுவதற்கும் பேர் போனது. தோலே தொடாத கூட்டம் ஒன்று வருஷா வருஷம் இந்த ஊர் வழியாகத்தான் நடக்கிறது.

என் வலது செருப்பின் முன்வார் உள்பக்கம் தையல் விட்டுப்போயிருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைக்கிற ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாதயாத்திரை நாட்களில் அவருக்குப் பேச நேரமில்லை. ஆனாலும் குத்தூசியை மெழுகு நூலோடு உள்ளே விட்டு இழுத்தபடியே பேசினார். "எல்லாரும் வெளியதாம்மா பாக்குறாங்க. வாருக்கு உள்ளுக்குள்ள விரல விட்டுத் தடவிப் பாக்கணும். முடிச்சு கையில தட்டுப்பட்டுச்சுன்னா காலுலயும் தட்டுப்படும்." என் செருப்பில் அவர் போட்ட முடிச்சை வெளிப்பக்கமாகத் தள்ளி, ஒரு சுத்தியல் தட்டுத் தட்டிப் படிய வைத்தார். "சாமி கும்பிடும்போது எனக்கும் சேத்துக் கும்பிடுங்க" என்று காசு வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தோம்.

செருப்புக்கு இது ஒரு நல்ல குணம். நடுவழியில் அறுந்தால் எந்த ஊரிலும் தைத்து வாங்கலாம். ஷூவின் அடி பிளந்தால் பசை காயும்வரை யார் உட்கார்ந்திருப்பது?

மதியம் ஒரு மருத்துவ முகாம் பந்தல். அங்கே பார்த்ததை எழுதாமல் விட முடியாது. அறுபதைத் தாண்டின ஒருவர், மாலை போட்டவர், வெறுங்கால். தண்ணீர் வாங்கத்தான் வந்தார். நர்ஸ் பெண் அவர் நடந்து வந்த சிமென்ட் தரையைப் பார்த்தாள். ஒரு காலடிக்கு மட்டும் சிவப்புப் புள்ளி. "உக்காருங்க சாமி, கால காமிங்க." பாதத்தின் நடுவில் கருவேல முள், முறிந்து உள்ளே நின்றது. சுற்றிலும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. இன்றைக்கு ஏறின முள் மாதிரி தெரியவில்லை. "வலிக்கலையா?" "இல்லையேம்மா, நல்லாத்தான நடந்து வாரேன்." "சுகர் எத்தன வருஷமா இருக்கு?"

சர்க்கரை பல வருஷம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகும். வலி என்பது கால் நமக்குச் சொல்கிற செய்தி. அந்தச் செய்தி வருகிற கம்பி அறுந்துபோனால் புண் பழுத்து எலும்புவரை போனாலும் தெரியாது. நர்ஸ் முள்ளை எடுத்து, கழுவி, கட்டுப் போட்டு, இனிமேல் வண்டியில் போகச் சொன்னாள். அவர் வேண்டுதல் என்றார். "முருகன் கோவிச்சுக்க மாட்டாரு சாமி. காலு போச்சுன்னா அடுத்த வருஷம் எப்படி வருவீங்க?" என்று கேட்டதும் அமைதியாகிவிட்டார். கூட வந்தவர்கள் திண்டுக்கல்லுக்கே திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

செருப்புக் கட்சிக்காரி நான். ஆனால் சர்க்கரைக்காரர்கள் கேட்டால் திறந்த செருப்புகூட வேண்டாம் என்றுதான் சொல்வேன். முன்பக்கம் மூடின, அகலமான, உள்ளே தையல் துருத்தாத ஷூ; போடுமுன் கவிழ்த்துத் தட்டி உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும்; ராத்திரி பாதத்தை இன்னொருத்தர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கொப்புளம் வந்தால் ஊசியை எடுக்காமல் முகாமுக்குப் போக வேண்டும். வெறுங்கால் வேண்டுதலை மலைப்படியில் மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

ராத்திரி இங்கே வெந்நீரில் கல்லுப்புப் போட்டு எல்லாரும் கால் நனைத்தார்கள். பெரியம்மா மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். ஊறின தோல் மறுநாள் சீக்கிரம் உரியும் என்பது அவள் கட்சி. கொஞ்ச நேரம் நனைத்துவிட்டு, விரலிடுக்கு வரைக்கும் துடைத்துக் காய வைத்துவிட்டால் பாதகமில்லை என்பது என் கட்சி. ஊறப்போட்டபடியே தூங்கிவிட்ட ஒருவரைச் சற்றுமுன் எழுப்பினார்கள்.

ஞாயிறு, ஒட்டன்சத்திரம்

திண்டுக்கல்லைத் தாண்டினதிலிருந்து கூட்டமே வேறு. நத்தம் வழியாக வருகிற செட்டிநாட்டுப் பக்கத்துச் சனமும் எங்களோடு சேர்ந்துகொண்டது. சாலையோரம் நடக்கிறவர்களுக்கென்று கல் பதித்த நடைபாதை வருகிறது. வண்டி பயம் குறைவு. கல்லுக்கு நடுவில் புல் முளைத்த இடங்களில் பெரியம்மா முகம் மலர்கிறது.

பந்தல்களும் நெருங்கிவிட்டன. இங்கே மோர், கொஞ்சம் தள்ளித் தக்காளி சாதம், அடுத்ததில் கேப்பைக்கூழ், அப்புறம் வாழைப்பழம், பிஸ்கட். வேண்டாம் என்றால் கொடுக்கிறவர்கள் முகம் வாடிவிடுகிறது. ஒவ்வொரு பந்தலிலும் முருகன் படம் வைத்து விளக்கேற்றியிருக்கிறார்கள்; செருப்புக் காலோடு அதற்கு முன்னால் நின்று யாரும் சாப்பாடு வாங்குவதில்லை. நடுவில் பிள்ளையார் கோயில், கருப்பசாமி கோயில். ஆக ஒரு நாளைக்கு எத்தனை தடவை காலில் இருப்பதைக் கழற்றி மாட்டுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

செருப்பாவது ஷூவாவது என்கிற வழக்கில் எனக்குத் தீர்ப்பு இங்கேதான் கிடைத்தது. எனக்கு ஒட்டு வாரைப் பரக்கென்று இழுத்தால் கழன்றது, திரும்ப ஒட்டினால் மாட்டியது. அண்ணனுக்கு ஒவ்வொரு தடவையும் குனிந்து, அந்த வளையத்தைப் பிரித்து, லேஸை இளக்கி, சாக்ஸைக் கழற்றி ஷூவுக்குள் திணித்து, திரும்ப வந்து காலில் ஒட்டின மண்ணைத் துடைத்து, சாக்ஸ் மாட்டி... மூன்று பந்தலுக்குப் பிறகு சாக்ஸோடே தரையில் நடந்தான். மோர் கொட்டின தரை. அந்த ஈரச் சாக்ஸோடு ஷூ. அடுத்த கொப்புளம் சுண்டுவிரலில். மலையேறுகிறவர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் ஷூதான் சிறந்தது என்று படித்திருக்கிறேன், அவர்களுக்குச் சரியாகத்தான் இருக்கும். காலையில் மாட்டினால் சாயந்திரம்தான் கழற்றுவார்கள். நம்முடைய நடை அப்படி இல்லையே. நூறு இடத்தில் கும்பிட்டுக்கொண்டு போகிற நடை இது.

செருப்பின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பொடிக்கல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் ஒரு உதறலில் போய்விடும், சிலது வளைவுக்கடியில் ஒளிந்துகொள்ளும். வெயிலும் புழுதியும் சேர்ந்து குதிகால் காய்ந்து வெடிக்க ஆரம்பித்துவிட்டது. ராத்திரி தேங்காயெண்ணெயும், கிளம்பும்போது விரலிடுக்கிலும் வார் படுகிற இடத்திலும் வாசலினும் தடவிக்கொள்கிறேன். வாரின் சுவடு பாதத்தில் வெள்ளைக் குறுக்குக் கோடாக விழுந்துவிட்டது. கிளம்பின நாளில் பிடித்த அளவைவிட முன்வார் இப்போது இரண்டு விரல் தளர்வாக இருக்கிறது. அவ்வளவு வீக்கம். ஷூவில் அந்த இரண்டு விரலுக்கு எங்கே போவது?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட் ராத்திரியிலும் தூங்கவில்லை. முருங்கைக்காய்க் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் பாதிப் பேர் வெறுங்காலோடுதான் அந்தத் தக்காளிச் சேற்றில் நிற்கிறார்கள். அவர்களிடம் போய் இந்தக் கதையை எல்லாம் சொன்னால் சிரிப்பார்கள்.

திங்கள், பழனி

விருப்பாச்சியில் மலைவாழைப்பழம், சத்திரப்பட்டியில் டீ, ஆயக்குடியில் கொய்யா. சத்திரப்பட்டி தாண்டி ஒரு வளைவில் மலை தெரிந்ததும் சாலை முழுக்க "அரோகரா". பலர் அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டார்கள். நாங்களும் கழற்றினோம்.

அப்புறம் நடந்தது எனக்குப் புதுப் பாடம். ஷூக்குள்ளேயே ஊறிக் கிடந்த அண்ணன் பாதம் வெளுத்துச் சுருங்கி, பச்சைப்பிள்ளை பாதமாகிவிட்டிருந்தது. சின்னக் கல் பட்டாலும் துள்ளினான். என் பாதம் வெடித்திருந்தாலும் காய்ந்து இறுகியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க முடிந்தது. பெரியம்மாவுக்குக் கேள்வியே இல்லை. காலில் எதைப் போட்டு நடந்தாலும் கடைசிப் பங்கு வெறுங்கால்தான். கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நாள் மொட்டைமாடியில் செருப்பில்லாமல் நடந்து பழகுகிற வீடுகள் உண்டு, அது எதற்கு என்று இப்போது புரிகிறது.

இடும்பன் மலையைப் பார்த்தபடி அடிவாரம் வந்தோம். சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலையையும் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கி வந்தவன் இடும்பன். அவன் காலில் என்ன போட்டிருந்தான் என்று எந்தக் குருசாமியும் சொல்வதில்லை.

படி வழி அறுநூற்றுக்கு மேல். அண்ணனை யானைப்பாதையில் போகச் சொன்னோம். சரிவாக ஏறுவதால் முழங்காலுக்குக் கொஞ்சம் இதம். வின்ச் வரிசையும் ரோப்கார் வரிசையும் பார்த்தால் நடப்பதே மேல். மேலே நெரிசல். ஆண்டியைப் பார்த்தது சில நொடிகள்தான், தள்ளிவிட்டார்கள். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு படிக்கும் முழு எடையும் முன்காலில் வந்து விழுகிறது. பெரியம்மா பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கினாள். நாங்களும் அப்படியே செய்தோம்.

கீழே வந்து ஷூவை மாட்டப் பார்த்தான் அண்ணன். பாதி கால்கூட நுழையவில்லை. லேஸ் இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அடிவாரக் கடையில் ஒரு ரப்பர் செருப்பு எடுத்தான். கடைக்காரர் நூற்று எண்பது சொன்னார். மதினி நூற்று இருபதுக்குக் கேட்டாள். கடைசியில் நூற்று நாற்பது.

"ஒரு சைஸ் பெருசா எடுத்து, சாக்ஸும் நல்லதா இருந்திருந்தா ஷூவே போதும்" என்கிறான் இன்னமும்.

"அதையும் அடுத்த வருஷம் பாத்துருவோம்டா" என்றாள் பெரியம்மா. அவள் இப்போது கிரிவலம் சுற்றக் கிளம்பிவிட்டாள். மதினி பஞ்சாமிர்தக் கடை வரிசையில் நிற்கிறாள். மதுரை பஸ் ஏறச் சாயந்திரம் ஆகும் போலிருக்கிறது.